தானாய் முளைத்த மரங்கள்

மிகோலே, பலாக்கா
12 செப்டம்பர் 2004

அன்புத் தங்கச்சி டோரிகாவுக்கு,

நான் சுகம். உன் பாடு எப்படியோ. முழங்கால் வலிக்கிறது என்று போன தடவை எழுதியிருந்தாய். எனக்கும்தான் வலிக்கிறது. ஆனால் நான் வீட்டோடு மாப்பிள்ளை. என் முழங்காலும் பெண்டாட்டி வீட்டுச் சொத்து. அதைப் பற்றிப் புகார் சொல்லும் உரிமை எனக்கில்லை.

இங்கே ஒரு பெரிய சேதி. உன் அண்ணன் ஜைலோஸி இப்போது இந்த ஊரின் முன்னோடி உழவர். விவசாயத் திட்டத்து ஆபீசர் மோட்டார் சைக்கிளில் வந்து ஊர்க் கூட்டத்தில், "மத்தவங்களுக்கு யாரு சொல்லிக் குடுப்பீங்க?" என்று கேட்டார். எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். எனக்கு அன்றைக்குப் பார்த்துக் கழுத்தில் சுளுக்கு, குனிய முடியவில்லை. தேர்ந்தெடுத்துவிட்டார்கள்.

அதிலிருந்து ஊருக்கெல்லாம் குழி வெட்டக் கற்றுக்கொடுக்கிறேன். வறண்ட மாதத்திலேயே குழி எடுத்து, எருவும் சாம்பலும் போட்டு மூடி, முதல் மழையில் மக்காச்சோளம் ஊன்ற வேண்டும், நடுவில் துவரை. அறுத்த தட்டையைக் கொளுத்தாமல் நிலத்திலேயே பரப்ப வேண்டும். கொளுத்தாவிட்டால் எலி வெளியே ஓடிவராது; எலிக்கறிக்கு வழியில்லாமல் போன இளவட்டங்கள் என்னைக் கண்டால் காறித் துப்புகிறார்கள். என் பெண்டாட்டி லொஃபினாவின் அண்ணன் கபிச்சியை உனக்குத் தெரியுமே, இந்த நிலத்துக்கெல்லாம் பெரியதலை. அவர் தினமும் வந்து வரப்பில் நிற்கிறார்.

"என்ன மச்சான், குழியா வெட்டித் தள்றீங்க? யாரப் பொதைக்கப் போறீங்க?"

"உங்க தங்கச்சி சம்மதிச்சா என்னத்தான் மச்சான்."

சிரிக்கிறார். ஆனால் என்னிடம் கற்கிறவர்களில் அவர்தான் கெட்டிக்காரர். ஒரு தடவை பார்த்தால் போதும்.

மரமும் நன்றாக வந்திருக்கிறது. முசாங்கு மரத்தின் குணம் உனக்குத் தெரியும்: ஊரே பச்சையாக இருக்கும் மழைக்காலத்தில் மொட்டையாக நிற்கும், ஊரே மொட்டையாகிற கோடையில் தான் மட்டும் தழைக்கும். உன் அண்ணனைப் போலக் காலம் தெரியாத ஜென்மம். ஆனால் அதன் சருகு விழுந்த இடத்தில் சோளம் ஆள் உயரம். மாப்பிள்ளையாக வந்தவன் குழி வெட்டலாம், எரு சுமக்கலாம், செத்தும் போகலாம். மரம் மட்டும் நடக் கூடாது. மரம் நட்டவன் நாளைக்கு நிலம் கேட்பான் என்று எல்லா ஊரிலும் ஒரே பயம். நான் நடவில்லை. ஆட்டுப் புழுக்கையோடு விதை விழுந்து தானாக முளைக்கிறது. களை எடுக்கும்போது அதை மட்டும் பிடுங்க மறந்துவிடுகிறேன். யாராவது கேட்டால், "நானா நட்டேன்? தானா மொளச்சது. கண்ணு சரியாத் தெரியல" என்பேன். இருபது வருஷ மறதியில் இன்றைக்கு ஒரு சோலை நிற்கிறது.

உன் மகள் தியாமிகேயின் கல்யாணத்தில், தாய்மாமன் என்ற முறையில் பொறுப்பேற்று மாப்பிள்ளை வீட்டுச் சேவலை வாங்கிக்கொண்டவன் நான். சேவலைத் தின்று ஜீரணித்தும் ஆயிற்று. அந்தப் பிஸ்விக் எப்படிப் பிழைக்கிறான்? விவசாயத்தில் சந்தேகம் இருந்தால் எழுதச் சொல். மீன்காரர் லாரியில் வாராவாரம் இந்தப் பக்கம் வருகிறார். கடிதம் நெத்திலிக் கருவாடாக நாறும். பரவாயில்லை, தொட்டுக்கொள்ள எனக்கும் ஏதாவது வேண்டுமே.

உன் அண்ணன்
ஜைலோஸி

*

நசோம்பா, சில்வா ஏரிக்கரை
9 அக்டோபர் 2004

மதிப்புக்குரிய மாமாவுக்கு,

நாங்கள் சுகம். உங்கள் பாடு எப்படியோ. தியாமிகேயும் குழந்தையும் நன்றாக இருக்கிறார்கள். அத்தையும் நலம் என்றுதான் நினைக்கிறேன். மாமியாரும் மாப்பிள்ளையும் எதிர்ப்படக் கூடாது என்பதால் நான் அவர்களை இதுவரை முதுகுப் பக்கம் மட்டுமே பார்த்திருக்கிறேன். ஓடும்போது நல்ல திடமாகத்தான் தெரிகிறார்கள்.

அத்தை உங்கள் கடிதத்தைத் தியாமிகேயிடம் படித்துக் காட்டினார்கள், தியாமிகே என்னிடம் சொன்னாள். கறையான் புற்றுக்குப் பக்கத்தில் எங்களுக்கு விட்ட காடு கட்டாந்தரை. அங்கே குழி வெட்டத் தொடங்கிவிட்டேன். எனக்கு இது இரண்டாவது ஊர், மாமா. முதல் மனைவி இறந்ததும் அந்த ஊரில் பாயைச் சுருட்டிக் கையில் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். வழக்கம்தான், குறை சொல்லவில்லை. ஆனால் அங்கே நான் எரு போட்டுப் பழக்கிய மண் இன்னும் கனவில் வருகிறது. இந்த ஊரிலாவது மண்ணோடு நிலைக்க வேண்டும் என்று ஆசை. அதனால்தான் உங்கள் 'மறதி' எனக்குப் பிடித்திருக்கிறது. இங்கேயும் முசாங்குக் கன்றுகள் தானாக வருகின்றன. எதை வைத்துக்கொள்வது, எதைப் பிடுங்குவது?

எனக்குத் தெரிந்த ஒன்றைப் பதிலுக்குச் சொல்கிறேன். ஆட்டுப் புழுக்கையைத் தண்ணீரில் கரைத்துக் கன்றின் மேல் தெளித்தால் ஆடு வாய் வைக்காது. ஆடு உலகத்தில் எதையும் தின்னும், தன் கழிவை மட்டும் தின்னாது. மழைக்குக் கரையாமல் ஒட்டிக்கொள்ள ஒன்றைச் சேர்க்க வேண்டும். அதன் பக்குவத்தைக் கையால் பார்த்தால்தான் தெரியும், எழுத்தில் வராது. நேரில் வரும்போது காட்டுகிறேன்.

பணிவுள்ள
பிஸ்விக்

*

மிகோலே
3 நவம்பர் 2004

மாப்பிள்ளை பிஸ்விக்குக்கு,

நான் சுகம். உன் பாடு எப்படியோ. என் தங்கை ஓடும் அழகைப் பற்றி நீ எழுதியதைப் படித்துவிட்டு லொஃபினா விழுந்து விழுந்து சிரித்தாள். இந்த வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டே நாளாகியிருந்தது. நன்றி.

உன் புழுக்கைக் கரைசலைத் தெளித்துப் பார்த்தேன். ஆடு வந்தது, மோந்தது, என்னை ஏற இறங்கப் பார்த்தது, 'உனக்கென்ன பைத்தியமா' என்பது போல் தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டது. ஊரே வாயைப் பிளக்கிறது.

உன் கேள்விக்கு வருகிறேன். கன்றுக்கும் கன்றுக்கும் பத்து எட்டு நடக்கிற இடைவெளி விடு. நேராக, தடிமனாக, ஒற்றைத் தண்டாக இருப்பதை வைத்துக்கொள், மற்றதைப் பிடுங்கு. பத்து எட்டு முக்கியம், மறந்துவிடாதே. யார் என்ன கேட்டாலும் ஒரே பதில்: தானாய் முளைத்தது. நட்டேன் என்ற சொல் உன் வாயில் வரக் கூடாது. நாம் மாப்பிள்ளைகள், நம்மால் எதுவும் நடப்பதில்லை, எல்லாம் தானாக நடக்கிறது. பிள்ளை பிறப்பது உட்பட.

அன்புடன்
ஜைலோஸி மாமா

*

நசோம்பா
20 பிப்ரவரி 2005

அன்புள்ள அண்ணனுக்கு,

நான் சுகம் என்றுதான் எழுத வேண்டும், எழுதிவிட்டேன். உன் பாடு எப்படியோ. ஜனவரியோடு மழை நின்றுபோனது. அக்காமார் காடெல்லாம் கருகிவிட்டது. பெரியம்மா மகள் ஃபகெஸி அக்கா நிலத்தைப் பார்த்தால் வயிறு எரிகிறது. எங்கள் காட்டிலும் சோளம் இடுப்பளவுதான்.

பிஸ்விக் காட்டில் மட்டும் ஆள் உயரம். குழிக்குள் ஈரம் நிற்கிறது. முன்பெல்லாம் அவன் இருமினால் நான் பக்கத்துச் சோளத்துக்குள் பாய்ந்து ஒளிந்துகொள்வேன். இந்த வருஷம் என்னை மறைக்கிற சோளம் அவன் காட்டில்தான் இருக்கிறது. மாப்பிள்ளையிடமிருந்து ஒளிய மாப்பிள்ளை சோளத்துக்குள்ளேயே புகுகிறேன். நீ சிரிப்பாய் என்று தெரியும். சிரி.

அப்படி ஒளிந்திருந்தபோதுதான் அதைப் பார்த்தேன் அண்ணா. முசாங்குக் கன்றுகள். ஒன்றன்பின் ஒன்றாக, கயிறு பிடித்த மாதிரி. தானாய் முளைத்தது பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் போலக் கையை நீட்டி அளந்துகொண்டா நிற்கும்? தியாமிகேயைக் கூப்பிட்டுக் கேட்டேன்.

"மாமாதான் பத்து எட்டு விடச் சொன்னாராம்மா. மொளச்சது பத்து எட்டுல இல்லையாம். அதான் இவரு தோண்டி எடுத்து, அளந்து வச்சாரு. சரியா இருக்கணும்னு ராத்திரியெல்லாம் அதே பேச்சு."

"வச்சாரா? வாய மூடு. அந்த வார்த்தைய இன்னொரு தடவ சொல்லாத."

ஆனால் வரிசை பேசுகிறதே. ஃபகெஸி அக்கா நேற்றுப் பார்த்துவிட்டாள். வரிசையோரமாக எட்டு வைத்து எண்ணிக்கொண்டே போனாள். அவள் எண்ண ஆரம்பித்தால் எனக்குக் காய்ச்சல் வரும்.

மீன்காரர் உன் ஊரைப் பற்றி ஏதோ சொன்னார். நான் காதில் வாங்கவில்லை. நீயே எழுது.

உன் தங்கை
டோரிகா

*

மிகோலே
17 ஏப்ரல் 2005

அன்புத் தங்கச்சிக்கு,

நான் சுகம், சுகத்துக்கு மேலே புகழ் வேறு சேர்ந்திருக்கிறது. உன் பாடு எப்படியோ.

போன வாரம் இங்கே வயல் விழா. இந்த வறட்சியிலும் சோளம் கண்ட காடு என்று நாலா பக்கமிருந்தும் உழவர்கள் வந்தார்கள். நான் குழிக்குள் இறங்கி, ஈர மண்ணை அள்ளி, சர்ச்சில் அப்பம் கொடுக்கிற மாதிரி எல்லோருடைய கையிலும் கொடுத்தேன். ஒரு அம்மாள் அதை மோந்து பார்த்துவிட்டு மடியில் முடிந்துகொண்டாள். சத்தியமாகச் சொல்கிறேன் டோரிகா, அந்த ஒரு கணம் நான் யாருடைய மாப்பிள்ளையும் இல்லை.

அப்புறம் ஆபீசர் வண்டியிலிருந்து ஒரு தகரப் பலகையை இறக்கினார். பச்சைப் பெயிண்டு, வெள்ளை எழுத்து: 'ஜைலோஸி முன்னோடித் தோட்டம்'. காட்டின் தலைமாட்டில் அறைந்தார்கள். "இது யாரு தோட்டம்?" என்று ஆபீசர் கையைத் தூக்கிக் கேட்க, கூட்டமும் கையைத் தூக்கி, "ஜைலோஸி தோட்டம்!" என்று கத்தியது. மூன்று தடவை. முதல் தடவையிலேயே கபிச்சி எங்கே நிற்கிறார் என்று திரும்பித் தேடினேன்.

கபிச்சி பலகைக்கு முன்னால் வெகுநேரம் நின்றார்.

"பேரு நல்லாப் பெருசா இருக்கே மச்சான்."

"பெயிண்டு மிஞ்சியிருக்கும் மச்சான்."

"எங்கம்மா பேரக் காணமே. நெலம் அவளுது இல்ல?"

"பின்பக்கம் எழுதியிருப்பாங்களோ என்னமோ."

அவர் நிஜமாகவே பின்பக்கம் போய்ப் பார்த்தார். அது எனக்குப் பிடிக்கவில்லை.

உன் மாப்பிள்ளையின் புழுக்கைக் கரைசலுக்கு ஆபீசர் 'ஜைலோஸி கரைசல்' என்று பெயர் வைத்துவிட்டார். பிஸ்விக் பெயரைச் சொல்ல வாய் திறந்தேன். அதற்குள் ரொட்டியும் தேநீரும் வந்துவிட்டன. திறந்த வாயை வேறு வேலைக்குக் கொடுக்க வேண்டியதாயிற்று.

லொஃபினாவுக்கு அன்றிலிருந்து தலைவலி. களி வருகிறது, தொட்டுக்கொள்ள எதுவும் வருவதில்லை. வறட்சிதானே, கறிக்கு எங்கே போவாள்.

அந்த வரிசை விஷயம்: ஒன்று விட்டு ஒன்று பிடுங்கச் சொல். கோணலாகிவிடும்.

உன் அண்ணன்
ஜைலோஸி

*

நசோம்பா
5 ஜூன் 2005

அன்புள்ள அண்ணனுக்கு,

நாங்கள் உயிரோடிருக்கிறோம். உன் பாடு எப்படியோ.

ஒன்று விட்டு ஒன்று பிடுங்கினாலும் வரிசை வரிசைதான் அண்ணா. உன்னை முன்னோடி உழவராக்கிய ஆபீசருக்குக் கணக்குத் தெரியாது போலிருக்கிறது.

நம் கூட்டத்துப் பெண்கள் எல்லோரும் கூடினோம். ஃபகெஸி அக்காதான் ஆரம்பித்தாள்.

"குழி வெட்டுனான், சரி. எரு போட்டான், சரி. மரம் எதுக்குடி? பத்துப் பதினஞ்சு வருஷம் கழிச்சுப் பலன் தர்ற மரத்த எவன் வைப்பான்? போக மாட்டேன்னு முடிவு பண்ணவந்தான் வைப்பான்."

"மாப்பிள்ள போகாம இருக்கறது நல்லதுதானே அக்கா?" என்றேன்.

"இருக்கட்டும். நெலத்துல காலூன்ற வேணாம். உம் பொண்ணுக்கு நாளைக்கு ஒண்ணு ஆயிட்டா, இந்த மரத்தக் காட்டி எந்நெலம்னு சொல்வான். நம்ம பிள்ளைங்க எங்க போகும்?"

பசியில் இருக்கிறவளோடு எப்படி வாதாடுவது? அவள் பேசிக்கொண்டே பிஸ்விக் காட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆனால் சேவலை வாங்கியவன் நீ. நீ 'ஆகட்டும்' என்று சொல்லாமல் அவன் பாயை யாரும் வெளியே வைக்க முடியாது. நீ 'முடியாது' என்று ஒரு வரி எழுதினால் ஃபகெஸி அக்கா வாயை மூடிக்கொள்வாள். தியாமிகே என்னோடு பேசுவதில்லை. குழந்தையைக் கூட என் கையில் தருவதில்லை. ஒரு வரிதான் அண்ணா.

இன்னொன்று. மீன்காரர் இந்த முறை உட்கார்ந்தே சொன்னார். நீ திட்டத்து எருக் கிடங்கில் படுக்கிறாயாமே. தலைவலிக்காரியின் வீட்டில் இடமில்லையா? நீ எழுதாததால் நான் கேட்கவில்லை.

நாளைக்கு யார் இந்த ஊருக்குத் திரும்பி வந்தாலும், இப்போது இங்கே சோறு போடுகிற காடு ஒன்றே ஒன்றுதான். அது காலியாக இல்லை. இதற்கு மேல் நான் எதுவும் சொல்லவில்லை. நீயும் நான் சொன்னதாக நினைக்க வேண்டாம்.

டோரிகா

*

நசோம்பா
11 ஜூன் 2005

மதிப்புக்குரிய மாமாவுக்கு,

நாங்கள் சுகம். உங்கள் பாடு எப்படியோ. விழாவில் உங்கள் பெயருக்குப் பலகை வைத்ததாக மீன்காரர் சொன்னார். தியாமிகே கைதட்டினாள். கரைசலுக்கும் உங்கள் பெயராமே. எந்தப் பெயராக இருந்தால் என்ன, கன்று பிழைத்தால் சரி.

என் மேல் உள்ள குற்றம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். பத்து எட்டு என்று நீங்கள் எழுதியிருந்தீர்கள். நீங்கள் இருபது வருஷம் செய்து பார்த்துச் சொன்னது என்பதால் அளவு தப்பக் கூடாது என்று பயந்தேன். அதுதான் வரிசையாகிவிட்டது. நிலம் கேட்கிற எண்ணம் எனக்கு இல்லை. இன்னொரு தடவை எரு போட்ட மண்ணை விட்டுப் போக முடியாது என்பது மட்டும்தான் எனக்குத் தெரியும்.

'நான்தான் சொன்னேன், அவன் நான் சொன்னபடி செய்தான்' என்று அத்தைக்கு ஒரு வரி எழுதிவிடுங்கள். போதும்.

மீன்காரர் அடுத்த வாரமும் வருவார். நான் ரோட்டிலேயே காத்திருக்கிறேன்.

பிஸ்விக்

*

மிகோலே
21 ஆகஸ்ட் 2005

தங்கச்சி டோரிகாவுக்கு,

நான் சுகம். உன் பாடு எப்படியோ. பதில் தாமதம். வேலை அதிகம்.

நம் அம்மா வீட்டுக் கூரை இன்னும் ஒழுகுகிறதா? சும்மா கேட்டேன்.

பிஸ்விக் விஷயம். நான் தூரத்தில் இருப்பவன். நிலத்தில் நிற்கிறவர்கள் நீங்கள். வரிசையில் நிற்கிற மரத்தைத் தானாய் முளைத்தது என்று நான் எந்த முகத்தோடு சொல்வது? கூட்டத்துக்கு எது சரியென்று படுகிறதோ, அதற்கு என் சம்மதம்.

அவனும் ஒரு கடிதம் எழுதியிருந்தான். கிடைத்தது என்று சொல்ல வேண்டாம்.

மீன்காரர் சொல்வதை நம்பாதே. மீனை மட்டும் நம்பு.

அந்தக் காட்டில் குழி என்ன ஆழம் என்று தெரிந்தால் எழுது.

ஜைலோஸி

*

நசோம்பா
18 செப்டம்பர் 2005

அண்ணனுக்கு,

முழங்கை வரைக்கும் ஆழம். நீ கேட்டாய் என்பதற்காகக் கையை விட்டுப் பார்த்தேன். அடி மண் இன்னும் குளிர்ந்திருக்கிறது, இந்த வெயிலிலும்.

உன் கடிதத்தை ஃபகெஸி அக்கா கூட்டத்தில் படிக்கச் சொன்னாள். படித்தேன். மறுநாள் அவன் பாய் சுருட்டி வாசலில் இருந்தது. வைத்தது யார் என்று கேட்காதே. தியாமிகே குழந்தையோடு உள்ளே கதவைச் சாத்திக்கொண்டிருந்தாள். வைக்கக் கூடிய கை வேறு எத்தனை இருக்கிறது?

விடிந்ததிலிருந்து அவன் காட்டில் கன்றுகளுக்குக் கரைசல் தெளித்துக்கொண்டிருந்தான். ஃபகெஸி அக்கா வரப்பிலிருந்து கத்தினாள்.

"இன்னும் என்னத்துக்குடா? விட்டுட்டுப் போயேன்!"

"வாளில மிச்சம் இருக்குங்க. கொட்டுனா வீணாப் போயிரும்."

வாளி காலியானதும் வீட்டுக்கு வந்தான். தான் செய்து மாட்டிய கதவைக் கழற்றினான். கட்டின வீட்டிலிருந்து மாப்பிள்ளை எடுத்துப் போக உரிமையுள்ளது அது ஒன்றுதானே. தலையில் கதவு, கக்கத்தில் பாய், கையில் மண்வெட்டி. கதவில்லாத வாசலில் குழந்தை நின்று அழுதது.

நான் சோளத் தட்டைப் போருக்குப் பின்னால் நின்றிருந்தேன். அவன் நேராக என்னை நோக்கி வந்தான். ஓடியிருக்க வேண்டும், முழங்கால் வலி விடவில்லை. கல்யாணமான நாளிலிருந்து முதல் தடவையாக அவன் முகத்தைப் பார்த்தேன் அண்ணா. வலது புருவத்தில் ஒரு தழும்பு இருக்கிறது. எனக்குத் தெரியாது.

"அத்த, மாமா எப்ப வர்றாரு?"

கோபமாகக் கேட்கவில்லை. மழை எப்ப வரும் என்று கேட்பது மாதிரி கேட்டான். இடுப்புத் துணியை இழுத்துத் தலைமேல் போட்டுக்கொண்டேன். துணியை எடுத்தபோது கதவு மட்டும் ரோட்டில் ஆடிக்கொண்டு போனது.

காட்டைச் சுத்தம் செய்து வைத்திருக்கிறேன். அம்மா வீட்டுக் கூரைக்குப் புதுப் புல் போட்டாயிற்று. வா.

டோரிகா

*

நசோம்பா
15 ஜனவரி 2006

அன்புள்ள பிஸ்விக்குக்கு,

நான் சுகம். உன் பாடு எப்படியோ. மாப்பிள்ளை என்று எழுதி அடித்திருக்கிறேன், மன்னித்துவிடு. உன்னை இனி என்ன முறை வைத்து அழைப்பது என்று தெரியவில்லை.

நான் அக்டோபரில் இங்கே வந்துவிட்டேன். கேள்விப்பட்டிருப்பாய், மீன்காரர் வயிற்றில் மீன் தங்கும், சேதி தங்காது. என் கதையும் கேட்டால் சிரிப்பாய். இருபத்திரண்டு வருஷம் குடும்பம் நடத்தியவனுக்கு லொஃபினா பாய் சுருட்டி வைத்திருந்த நேர்த்தியைப் பார்க்க வேண்டுமே: ஓரம் பிசகாமல், மூன்று கட்டு. எதையும் ஒழுங்காகச் செய்கிறவள். பலகையைக் கபிச்சி பிடுங்கி ஆட்டுக் கொட்டகைக்குக் கதவாக்கிவிட்டார். தலைகீழாக அடித்திருக்கிறார். ஆபீசர் இப்போது வருகிறவர்களையெல்லாம் கபிச்சியிடம்தான் கூட்டிப் போகிறாராம். குறை சொல்ல முடியாது, நன்றாகச் சொல்லிக்கொடுக்கிறார், நான் சொல்லிக்கொடுத்ததுதானே. முசாங்கு பற்றிக் கேட்டால், "எங்கம்மா காலத்துல தானா மொளச்சது" என்கிறாராம். அந்தப் பொய்யும் என்னிடம் கற்றதுதான்.

உன் காட்டில்தான் நிற்கிறேன். வேறு எங்கே நிற்பது? உன் குழிகள் என் குழிகளைவிட நன்றாக இருக்கின்றன. இதைச் சொல்ல எனக்குப் பிடிக்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். சோளம் மார்பளவு வந்துவிட்டது. இங்கேயும் நாலு பேருக்குக் கற்றுக்கொடுக்கலாம் என்று கூப்பிட்டேன். வந்தார்கள். ஒருவன் கன்றுகளைப் பார்த்துவிட்டு, "என்னங்கய்யா, வரிசையா நிக்குது?" என்றான். பழக்க தோஷத்தில், "தானா மொளச்சது" என்றேன். சிரித்தார்கள் பார், ஃபகெஸி கூட. நானும் சேர்ந்து சிரித்தேன். எல்லோரும் நிறுத்திய பிறகும் கொஞ்ச நேரம் சிரித்துக்கொண்டிருந்தேன் போலிருக்கிறது, டோரிகா வந்து கையைப் பிடித்தாள்.

அந்தப் பத்து எட்டு பற்றி ஒன்று எழுத நினைத்தேன். இரண்டு தாள் வீணானதுதான் மிச்சம்.

ஒரு உதவி. ஆடுகள் கன்றைக் கடிக்கின்றன. கரைசல் தெளிக்கிறேன், ஒவ்வொரு மழைக்கும் கழுவிக்கொண்டு போய்விடுகிறது. ஒட்டிக்கொள்ள ஒன்று சேர்ப்பாய் என்று எழுதியிருந்தாயே, அது என்ன? இப்போது நான் அதைப் பிஸ்விக் கரைசல் என்றுதான் எல்லோரிடமும் சொல்கிறேன். இந்த மழையில் கன்றுகளைக் காப்பாற்றாவிட்டால் ஒன்றும் மிஞ்சாது. உன் கன்றுகள்தானே.

ஜைலோஸி

*

லிங்கோனி
26 மார்ச் 2006

மதிப்புக்குரிய ஐயாவுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. நான் போன வருஷம் எழுதியதும் உங்களுக்குக் கிடைத்திருக்கும்.

எனக்கு இங்கே இன்னொரு இடத்தில் கல்யாணமாகிவிட்டது. பழைய கதவு வாசலுக்குச் சரியாக இருக்கிறது. கொஞ்சம்தான் செதுக்க வேண்டியிருந்தது. குழந்தை பேசுகிறாள் என்று மீன்காரர் சொன்னார்.

நீங்கள் கேட்டதை யோசித்துப் பார்த்தேன். கரைசலில் என்ன சேர்ப்பேன் என்பது மறந்துவிட்டது.

இந்த ஊருக்கும் ஒரு ஆபீசர் வந்தார். கூட்டத்தில், மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க யாருக்காவது ஏதாவது தெரியுமா என்று கேட்டார். என் கழுத்தில் சுளுக்கு ஒன்றும் இல்லை. குனிந்துகொண்டேன்.

காடு நல்ல காடு. முசாங்குக் கன்றுகள் தானாக நிறைய முளைக்கின்றன. களை எடுக்கும்போது ஒன்றைக்கூடப் பிடுங்க மறப்பதில்லை.

நான் சுகம். உங்கள் பாடு எப்படியோ.

பிஸ்விக்